மிச்சப் பொட்டலம்

கேகாலையில் தொழிற்சங்கம் நடத்திய வகுப்புக்குப் போன கஜேந்திரன் ஆளே மாறித் திரும்பினான். தேயிலைத் தோட்டத்தை நடத்தும் துரையோடு தொழிலாளர் சார்பில் வாதாடும் தோட்டத் தலைவர்களுக்கான வகுப்பு அது. யார் பேச்சில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். துரையிடம் காட்ட வேண்டிய வித்தையை அவன் முதலில் பெண்டாட்டியிடம் காட்டினான்.

பாவம் ஜீவராணி, வாயைத் திறக்க வழியில்லை. எல்லாரும் போகிறார்களே என்றால், எல்லாரும் போவது ஒரு காரணமா என்பான். போன தடவை போகாததால்தான் அக்கா கோபித்தாள் என்றால், முந்தி நடந்ததெல்லாம் பிந்தி நடந்ததற்குக் காரணமாகாது என்பான். அழுதால், கண்ணீர் ஆதாரமில்லை என்பான். இரண்டே வழி இருக்கும்போது ஒன்றைப் பார்த்தால் மற்றது தானே தெரியும் என்பது அவனுக்கு ரொம்பப் பிடித்த பாடம். சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் அதைச் சொன்னான்.

வழக்கு இதுதான். ஞாயிற்றுக்கிழமை ஓப்பநாயக்கவில் அவள் அக்கா மகளுக்குச் சடங்கு. அதே ஞாயிறுதான் தொண்ணூற்றாறாம் வருஷத்து உலகக் கிண்ண இறுதி ஆட்டம். இலங்கை ஆடுகிறது. யட்டியாந்தோட்டையில் ஜுனைதீன் கடை டீவிக்கு முன்னால் கஜேந்திரனுக்கு முதல் வரிசையில் இடம் சொல்லியாகிவிட்டது. அக்கா வீட்டில் டீவியும் கிடையாது, கரண்டும் கிடையாது.

கடைசியில் ஜீவராணியே இறங்கி வந்தாள். "ஒங்ககிட்ட பேசி ஜெயிக்க என்னால ஆகாதுங்க. அம்மன்கிட்ட பூக்கேட்டுப் பாத்துருவோம். ஒண்ணுல செவப்பு, ஒண்ணுல வெள்ளன்னு நான் ரெண்டு பொட்டலம் கட்டுறேன், நீங்க ஒண்ண எடுங்க. செவப்பு வந்தா சடங்குக்குப் போறோம். வெள்ள வந்தா நீங்க கிரிக்கெட் பாருங்க."

ஞாயிறு காலை குளித்துவிட்டு வந்த கஜேந்திரன் வாசலைப் பார்த்தான். சிவப்பு ரோஜாச் செடியில் பூத்திருந்த இரண்டையும் காணோம். ஒரு பொட்டலத்துக்கு ஒரு பூ போதுமே, இரண்டு எதற்கு? அப்படியானால் இரண்டிலும் சிவப்பு. அவனுக்குக் கோபம் வரவில்லை, உச்சி குளிர்ந்தது.

கோவிலில் பூசாரி செல்லையா இரண்டு வாழையிலைப் பொட்டலங்களையும் அம்மன் காலடியில் வைத்துக் கற்பூரம் காட்டினார். கஜேந்திரன் ஒன்றை எடுத்துக் கண்ணில் ஒற்றி, மடியில் முடிந்துகொண்டான். பிரிக்கவில்லையா என்று கேட்டார் பூசாரி.

"அம்மன் கையில குடுத்தத ஒடனே பிரிக்கிறது பாவங்க. மிச்சத்தப் பிரிங்க. அதுல செவப்பு இருந்தா, என்கிட்ட இருக்கிறது வெள்ள. சரிதானே?"

கூடி நின்றவர்கள் தலைவரின் மூளையை மெச்சினார்கள். ஜீவராணி தலையைக் குனிந்துகொண்டாள். வசமாக மாட்டிக்கொண்டாளே என்று அவனுக்கு இரக்கம்கூட வந்தது.

பூசாரி பிரித்தார். வெள்ளை.

கஜேந்திரனின் கை மடிக்குப் போனது. மடியில் இருப்பதைப் பிரித்துக் காட்டலாமென்றால், பிரிப்பது பாவம் என்று ஊரறியச் சொன்னவனே அவன்தான். நுணலும் தன் வாயால் கெடும். அப்படியானால் தலைவரிடம் இருப்பது சிவப்பு என்று தீர்ப்புச் சொல்லி, பூசாரி விபூதி பூசி அனுப்பினார்.

பஸ் இரத்தினபுரியைத் தாண்டியதும் அவன் மடியை அவிழ்த்துப் பொட்டலத்தைப் பிரித்தான். உள்ளே வெள்ளை ரோஜா.

"ரெண்டுலயும் வெள்ளையா? அப்ப நம்ம செடியில இருந்த செவப்பு?"

"வீட்டுல சாமி படத்துக்கு வச்சிருக்கேன்."

"நான் கையில இருந்தத நேரா பிரிச்சிருந்தா?"

"இந்நேரம் ஜுனைதீன் கடைக்குக் கெளம்பியிருப்பீங்க. ஆனா நான் குடுத்தத நீங்க எப்பங்க நேரா எடுத்திருக்கீங்க?" என்ற ஜீவராணி, அந்த ரோஜாவை எடுத்துத் தன் கொண்டையில் செருகிக்கொண்டாள்.