மீசையில்லாத போட்டோவும் என் துக்க வீடும்

மோகனூர்,
பவ வருஷம் ஐப்பசி 9.

சீமையில் லண்டன் பட்டணத்தில் சட்டம் படிக்கும் சிரஞ்சீவி தீர்த்தகிரிக்குத் தகப்பன் சின்னண்ணன் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நான், உன் ஆத்தாள், எருதுகள் எல்லாரும் சௌக்கியம். நான் சௌக்கியம் என்பதை மட்டும் இன்னொரு தரம் படித்துக்கொள்.

கட்டிக்கப் போகிற பெண் பாவாயி பார்க்கட்டும் என்று புதுச்சத்திரத்து மாமன் வெள்ளியங்கிரி வீட்டுக்கு நேரே ஒரு போட்டோ அனுப்பினாயே, அதில் கழுத்தைச் சுருக்கிக் கட்டின பட்டை, தலையில் தொப்பி, உதட்டுக்கு மேலே ஒன்றுமில்லை. நம் பக்கம் அப்பன் செத்தால்தானே மகன் மீசையை எடுப்பான்? தொப்பிக்குள்ளே மொட்டையும் இருக்கும் என்று அந்த ஊரே முடிவுகட்டிவிட்டது. சீமை வரைக்கும் போன சேதி பதினெட்டு மைலில் இருக்கிற நமக்கு வரவில்லையே என்று மாமனுக்கு அழுகையைவிடக் கோபம் ஜாஸ்தி.

செவ்வாய்க்கிழமை காலையில் மூன்று வண்டி ஆள் கோடித் துணியோடு வந்து இறங்கி, உன் அத்தை உன் ஆத்தாளைக் கட்டிக்கொண்டு அழ, இவள் தன் பிறந்த வீட்டில்தான் யாரோ போய்விட்டார்கள் என்று அதைவிடப் பலமாக அழ, போனது யார் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. நான் கரும்புத் தோட்டத்திலிருந்து ஓடிவந்து, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஆண்கள் கூட்டத்தில் உட்கார்ந்து நானும் அழுதேன். கொஞ்சம் ஓய்ந்த பிறகு பக்கத்திலிருந்த வண்டிக்காரரிடம், போனது யாரு என்று மெல்லக் கேட்டேன்.

"இந்த ஊட்டுக்காரருங்க. சின்னண்ணன்னு பேருங்க. தங்கமான மனுசனாமுங்க" என்றார்.

அதைக் கேட்டு எனக்கு இன்னும் கொஞ்சம் அழுகை வந்தது. அப்புறம்தான் யோசனை வந்து துண்டை எடுத்தேன். பாதிப்பேர் அலறிக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டார்கள்.

மாமன் மட்டும் நின்றார். "அப்பன் உசுரோட இருக்கறப்பவே மீசைய எடுக்கறவனுக்கு எம்புள்ளயக் குடுக்க மாட்டனுங்க மச்சான்" என்று நிச்சயத்தை முறித்துக்கொண்டு போய்விட்டார். உன் ஆத்தாள் இரண்டு நாளாகப் பச்சைத்தண்ணி குடிக்கவில்லை.

ஏஞ்சாமி, மனுசனுக்கு எதுக்கு இத்தனை ஜோடனை? நாலு முழ வேட்டி, ஒரு துண்டு, ஒரு மீசை. ஐம்பது வருஷமாக நான் இவ்வளவிலேதான் இருக்கிறேன், என்ன குறைஞ்சு போச்சு? கடிதம் கண்டவுடன் மீசையை வளர்க்க ஆரம்பி. தைக்குள்ளே வேட்டி கட்டி, தொப்பியில்லாமல், மீசையோடு ஒரு போட்டோ எடுத்து மாமனுக்கு அனுப்பு. கலியாணம் இப்போது உன் கையில் இல்லை, மேலுதட்டில் இருக்கிறது.

காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்த உடம்பு, அந்த ஊர்க் குளிரில் பத்திரம். நீ நன்றாகப் படித்து நூறு வயசு இருக்க வேண்டும். அதுவரை நானும் இருக்கப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உயிரோடிருக்கும் உன் தகப்பன்,
சின்னண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுகிற நேரத்துக்கு மாமன் வண்டி திரும்ப வந்துவிட்டது. போட்டோவில் அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் பாவாயிக்கு உன்னைப் பிடித்ததாம்; மீசை முளைத்தால் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று சோறு தின்னாமல் கிடக்கிறாளாம். மாமன் இறங்கி வந்துவிட்டார், படிப்பு முடிந்து நீ வருகிற தையில் முகூர்த்தம் பார்க்கச் சொல்கிறார். ஆகையால் மேலே எழுதினதை விட்டுத்தள்ளு. தினமும் சவரம் செய்துகொள். தொப்பியும் இருக்கட்டும். எனக்குத்தான் இப்போது தொந்தரவு. மாமன் கொண்டுவந்த உன் போட்டோவை மாடத்தில் வைத்துவிட்டு, உன் ஆத்தாள் என் மீசையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.