தாயத்துக் கட்டிய மீட்டர்

சிக்கந்தராபாத், ஏ.எஸ்.ராவ் நகரில் ஒரு கையடக்கக் கருவி புகை கக்கிச் செத்தது. அன்றிலிருந்து மோகனானந்தரின் புகழ் வானளாவியது. மற்றவர்களுக்குக் கருவி எரிந்தால் நட்டம். மோகனானந்தருக்கு அது அற்புதம்.

லாலாகுடாவில் இன்வெர்ட்டர் விற்ற காலத்தில் அவர் வெறும் சந்திரமோகன். வாங்கியவர்கள் திரும்பி வரத் தொடங்கியதும் அவருக்கு உலக வாழ்வில் வெறுப்புத் தோன்றியது. துறவு பூண்டார். அனைத்தையும் துறந்தவர், மின்சாரம் அளக்கும் மஞ்சள் நிற மல்டிமீட்டர் ஒன்றை மட்டும் துறக்கவில்லை. அதற்குச் சந்தனம் பூசினார், உருத்திராட்சம் சுற்றினார், ‘தோஷமானி’ என்று திருநாமம் சூட்டினார். சுவரருகே கொண்டுபோனால் அது கீச்கீச்சென்று கத்தும், கத்தினால் தோஷம். தாயத்து வாங்கிச் சாந்தி செய்தபின் காட்டினால் வாய்மூடி மௌனியாகும். தூணிலும் துரும்பிலும் இறைவன் இருக்கிறான் என்று பாடி வளர்ந்தவர்கள், சுவரிலும் சுவிட்சிலும் தோஷம் இருக்கிறது என்று நம்பத் தொடங்கினார்கள்.

நம்பியவர்கள் எழுத்தறியாதவர்கள் அல்லர். ஆயுள் முழுவதும் மின்னணுக் கருவிகளோடு வாழ்ந்து ஓய்வுபெற்ற பொறியாளர்கள் அவர் வீட்டு வாசலில் வரிசையில் நின்றார்கள். செருப்பை வெளியே விட்டார்கள். படிப்பையும் அதன் பக்கத்திலேயே விட்டார்கள். திரும்பும்போது செருப்பை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டார்கள்.

அற்புதம் நிகழ்ந்தது, அந்தப் பொறியாளர்களில் ஒருவரான குடியிருப்புச் சங்கச் செயலாளர் ராமச்சந்திரன் வீட்டில். கூட்டத்தைக் கண்ட உற்சாகத்தில் மோகனானந்தர் கருவியின் இரு கம்பிகளையும் சுவரிலிருந்த பிளக் துளைகளுக்குள் நுழைத்தார். படாரென்று ஓசை, நீலப் பொறி, கருகல் நாற்றம். செயலாளரின் மனைவி சகுந்தலா கன்னத்தில் போட்டுக்கொண்டார். மோகனானந்தருக்கு உள்ளங்கால்வரை நடுங்கியது. ஆனால் இன்வெர்ட்டர் விற்ற நாக்கு நடுங்கவில்லை.

“அன்பர்களே, தோஷத்தை விழுங்கித் தோஷமானி உயிர் நீத்துவிட்டது. வரும் ஞாயிறன்று இதே கருவி மறுபிறவி எடுக்கும். இக்குடியிருப்பைப் பிடித்த பீடையின் மூலம் எதுவென்று அதுவே காட்டும்.”

மூலம் எதுவென்று அவர் அப்போதே முடிவு செய்திருந்தார்: தரைத்தளத்து மூலையில் விஜயகுமாரி நடத்தும் டிபன் கடை. அந்த அம்மையார் செய்த பாவம், சிரித்தது. தோசைக்கல்லுக்கு ஒரு தாயத்து விற்கப் போனபோது, “கல்லுக்கு எண்ணெ தேச்சாப் போதும் சாமி. தாயத்து கட்டுனா தோசை வருமா?” என்றார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். சிரிப்பை மன்னிக்கும் சாமியார் இன்னும் பிறக்கவில்லை.

ஞாயிறன்று கருவி அந்தக் கடையில் கத்தினால், அன்று மாலையே கடையைக் காலி செய்யவேண்டும் என்று சங்கம் தீர்மானம் போட்டது. அந்த அடுப்பு அணைந்தால் விஜயகுமாரிக்கும் கல்லூரியில் படிக்கும் அவர் மகளுக்கும் வேறு போக்கிடம் இல்லை.

ஆனால் மறுபிறவிக்கு ஒரு மருத்துவச்சி வேண்டுமே. புதிதாய் ஒன்று வாங்கலாமென்றால் கருகிய உறை ஊரறிந்த அடையாளமாகிவிட்டது. ஆகவே மோகனானந்தர் சட்டை, பேண்ட்டுக்கு மாறி, தாடியை முகக்கவசத்துக்குள் திணித்துக்கொண்டு, சோதனைக் கருவிகளைப் பழுதுபார்க்கும் ஹம்ஸினியின் கடைக்குப் போனார். ஹம்ஸினி பொறியியல் படித்தவர். சிக்கந்தராபாத்தில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பம். வாய் கொஞ்சம் நீளம், அதில் ஊர் உருதுவும் கலந்து வரும்.

“என்னாச்சு இதுக்கு?”

“கீழ விழுந்துடுச்சும்மா.”

ஹம்ஸினி மூடியைக் கழற்றினார். மின்சுற்றுப் பலகையின் நடுவே அடுப்புக்கரி போலக் கறுத்திருந்தது. செப்புத்தடம் தோல் உரிந்தாற்போல் எழும்பி நின்றது.

“எங்க விழுந்துச்சு, தந்தூர் அடுப்புலயா?” என்றபடி இடுக்கியால் உள்ளிருந்து ஒரு செப்புச்சுருளை இழுத்தார். “ஃபியூஸ் இருக்கற எடத்துல இது ஏன் வந்துச்சு? ஏதோ எழுதி வேற இருக்கு.”

“பழைய ஃபியூஸ் போயிடுச்சும்மா. அதான் மிருத்யுஞ்சயத் தகடு... ஒரு பாதுகாப்புக்கு.”

“ஃபியூஸோட வேலையே சாகறதுதாங்க. மொதல்ல அது செத்தாத்தான் மீட்டர் பொழைக்கும். நீங்க அதுக்குச் சாகாவரம் குடுத்துட்டீங்க. மீட்டர் செத்துப்போச்சு.”

எத்தனையோ பேருக்குத் தாயத்துக் கட்டியவர் மோகனானந்தர். பலன் இவ்வளவு தெளிவாகக் கண்முன் தெரிந்தது இதுவே முதல்முறை.

“எல்லாம் சரிபண்ண வேணாம்மா. சுவர்கிட்டக் கொண்டுபோனாக் கத்துமே, அது மட்டும் கத்தினாப் போதும்.”

ஹம்ஸினி உறையில் காய்ந்திருந்த சந்தனத்தைப் பார்த்தார். பிறகு முகக்கவசத்தின் கீழே எட்டிப் பார்த்த தாடியைப் பார்த்தார்.

“ஓ. ஞாயித்துக்கிழமை சாமி நீங்கதானா?”

மாட்டிக்கொண்டவர் கம்பீரத்தை வரவழைத்துக்கொண்டார். “நீயும் வாம்மா. ஆசி கிடைக்கும்.”

“ஹவ், வரேன். ஆனா ரிப்பேர் ஆனத கஸ்டமர் முன்னாடி டெஸ்ட் பண்ணாம குடுக்கற வேலை நக்கோ. அது நம்ம கடை வழக்கம். அங்கயே வந்து டெஸ்ட் பண்ணித் தரேன்.”

மோகனானந்தர் அகமகிழ்ந்தார். பட்டம் பெற்ற பொறியாளரே தோஷமானியை ஏந்தி வந்தால், இனி எந்த வாய் சிரிக்கும்? சபலம் வந்து உட்கார்ந்த இடத்தில் சந்தேகத்துக்கு இடம் கிடைக்கவில்லை.

ஹம்ஸினி கரியைத் துளித்துளியாகச் சுரண்டி எடுத்தார். கரியும் மின்சாரத்தைக் கடத்தும், மிச்சம் வைத்தால் மறுபடி எரியும். அறுந்த தடத்துக்கு மெல்லிய கம்பியால் பாலம் போட்டார். தகட்டை எறிந்துவிட்டு, சாகத் தெரிந்த ஃபியூஸ் ஒன்றைப் பொருத்தினார்.

ஞாயிறன்று டிபன் கடையின் முன் ஷாமியானா. அலங்கார விளக்குகள் சுற்றிய சிம்மாசனத்தில் மோகனானந்தர். மௌலா அலியிலிருந்தெல்லாம் பஸ் ஏறி வந்திருந்தார்கள். விஜயகுமாரி, கையில் மாவு காயாமல், கடை வாசலில் நின்றார். ஹம்ஸினி கருவியோடு வந்ததும் கூட்டம் கைகூப்பியது, மறுபிறவி மெய்யாயிற்று.

மோகனானந்தர் கை நீட்டினார். “கொடு, மகளே.”

“டெஸ்ட் முடியற வரைக்கும் இது கடைப் பொருள், சாமி.” ஹம்ஸினி கூட்டத்தின் பக்கம் திரும்பினார். “எங்க தொழில்ல மூணு படி. கரெண்ட் இருக்கற எடத்துல காட்டணும், இல்லாத எடத்துல காட்டணும், மறுபடி இருக்கற எடத்துல காட்டணும். அப்பதான் மீட்டர நம்பலாம்.”

‘இல்லாத இடம்’ என்ற சொல்லில் மோகனானந்தருக்கு வியர்த்தது.

ஹம்ஸினி கிரைண்டர் இருந்த சுவரருகே கருவியைக் கொண்டுபோனார். கீச்கீச். கூட்டம் மூச்சை இழுத்தது. “தீர்மானத்தின்படி...” என்று தொடங்கினார் ராமச்சந்திரன். விஜயகுமாரி கதவுச்சட்டத்தைப் பற்றிக்கொண்டார்.

“ஒரு நிமிஷம் சார். அக்கா, உங்க மெயினை எறக்குங்க.”

மின்விசிறி நின்றது. அதே சுவர், அதே கருவி. மௌனம்.

அந்த மௌனத்தை மோகனானந்தர் பாய்ந்து பிடித்துக்கொண்டார். “கண்டீர்களா? நம் சந்நிதியைக் கண்டு தோஷம் ஓடிவிட்டது.”

“ரொம்ப நல்லது. ஏத்துங்கக்கா.”

கீச்கீச். இறக்கினால் மௌனம். ஏற்றினால் கூச்சல்.

“இன்னா சாமி,” என்றார் விஜயகுமாரி, “உங்களுக்கு அடங்காத தோஷம் என் மெயின் சுவிட்சுக்கு அடங்குதே.”

முதலில் சிரித்தவர் யாரென்று தெரியவில்லை. சகுந்தலா கருவியை வாங்கி, பக்தியோடு சிம்மாசனத்தின் விளக்குச்சரத்தருகே நீட்டினார். அது அலறியது. “சுவாமிக்குத்தான் ரொம்ப உக்கிரமா இருக்கு,” என்றார் கவலையோடு.

ஹம்ஸினி கருவியின் குமிழைக் காட்டினார். “சுவருக்குள்ள ஓடற கரெண்டைத் தொடாமலே மோப்பம் பிடிச்சுக் கத்தும், அவ்வளவுதான். இப்படி ஒரு திருப்புத் திருப்பினா ஊமை. நீங்க பண்ணிக்கிட்ட சாந்தி இந்தத் திருப்புதான்.”

ராமச்சந்திரன் தரையைப் பார்த்தார். “இந்த மாதிரி மீட்டரெல்லாம் என் கையால எவ்வளவோ டெஸ்ட் பண்ணியிருக்கேன்மா.”

“அப்ப ஏன் சார் ஒரு வார்த்தை கேக்கல?”

“சந்தனம் பூசியிருந்துதே.”

தீர்மானத்தை அவரே வாபஸ் வாங்கினார். விஜயகுமாரி அடுப்பைப் பற்றவைத்தார். ஆவேசத்தோடு வந்த கூட்டத்துக்குப் பசி வந்திருந்தது; அதே வரிசை, இப்போது தோசைக்கு.

சந்தடியில் நழுவிய மோகனானந்தர் கடைக்கு எதிரே இருந்த பஸ் நிறுத்தம்வரை போய்விட்டார். பின்னால் ஓர் அம்மாள் ஹம்ஸினியைக் கேட்பது அவர் காதில் விழுந்தது: “அம்மா, அந்தச் சாமியவிட உங்க கையில மெஷின் நல்லாப் பேசுதே. எங்க வீட்டுக்கு எந்தக் கிழமை வருவீங்க?”

போன உயிர் அவருக்குத் திரும்பி வந்தது. இப்படிக் கேட்பவர்கள் இருக்கும்வரை தொழிலுக்குக் குறைவில்லை. தெம்பாகப் பஸ் ஏறினார்.

கும்பிடுங்கள், கும்பிட வேண்டியவனைக் குளிரக் குளிரக் கும்பிடுங்கள். ஆனால் ஒருநாள் அவன் முன் நிற்கும்போது, எத்தனை தாயத்துக் கட்டினாய் என்று அவன் கேட்கப்போவதில்லை. நான் கொடுத்தனுப்பிய மூளையை ஏனப்பா உறைகூடப் பிரிக்காமல் திருப்பிக் கொண்டுவந்தாய் என்றுதான் கேட்பான்.