ஜாகா அண்ணேயின் மஞ்சள் கரைச் செடி

பினாங்குத் தீவிலேயே ஒன்றும் செய்யாமல் இருப்பதை முறையாகக் கற்றுத் தேர்ந்தவர் ஒருவர்தான். டத்தோ கிராமாட்டில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டில் காவலுக்கு இருந்தவர். காவல்காரரை இங்கே ஜாகா என்போம். அவர் பெயர் யாருக்கும் தெரியாது. ஜாகா அண்ணே, அவ்வளவுதான்.

அவர் மேசைமேல் ஒரு தொட்டிச் செடி. வாள் போல நிமிர்ந்த இலைகள், இருபுறமும் மஞ்சள் கரை. மலாய்க்காரர்கள் மாமியார் நாக்கு என்று சொல்லும் செடி. அமாவாசைக்கு அமாவாசை அரைக் குவளை தண்ணீர் ஊற்றுவார். மற்ற நாட்களில் யாராவது அதைத் தொட்டால் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவார். சைக்கிள் திருடு போன அன்றுகூட அவர் எழுந்ததாக என் குறிப்பேட்டில் இல்லை. லிஃப்ட் நின்ற நாள், குழாயில் தண்ணீர் வராத நாள் என்று எல்லாவற்றையும் தேதியோடு எழுதி வைப்பவன் நான்.

"ஏண்ணே, வாயில்லா ஜீவன். கொஞ்சம் தண்ணி காட்டினா என்னவாம்?" என்பார் மூன்றாம் மாடி கமலா அக்கா.

"நீங்க ஒங்க வீட்டுக்காரரப் பாத்துக்குங்க லா. இது நல்லாத்தான் இருக்கு."

காரணத்தை என்னிடம் மட்டும் சொன்னார். "என் கையில கறிவேப்பில செத்துச்சு தம்பி, ரோஜா செத்துச்சு, தொட்டி மீனு எல்லாம் செத்துச்சு. கடைசியா எம் பொண்டாட்டி இதக் குடுத்து, 'இதுவும் செத்தா என் கோழிங்க பக்கமே வராதீங்க'ன்னுட்டா. ஆறு வருஷமா உசுரோட வெச்சிருக்கேன்!"

தீபாவளிக்குத் தீபாவளி செடியை மடியில் வைத்து ஃபெர்ரி ஏறி, அக்கரையில் பாகான் டாலாமில் கோழி வளர்க்கும் மனைவியிடம் காட்டிவிட்டு வருவார். பரிசுக் கோப்பையைத் தூக்கிப் போவது போல இருக்கும்.

ஒரு தீபாவளிக்கு முந்தைய மாதம் அவருக்குக் கண் ஆபரேஷன். மூன்று வார விடுப்பு. செடியை மேசைமேலேயே விட்டு, என்னிடம் ஒப்படைத்தார்.

"என்னண்ணே செய்யணும்?"

"ஒண்ணும் செய்யாதீங்க."

"வேற?"

"அதையே தெனமும் செய்ங்க."

மூன்றாம் வாரம் செடி சாய்ந்தது. அடியில் கைவைத்தேன், கொழகொழவென்று அழுகல். விசாரணையில் இறங்கினேன்.

"காலையில அரிசி கழுவின தண்ணி, கொஞ்சூண்டு. நான் ஒருத்திதானே" என்றார் கமலா அக்கா.

"சாயங்காலம் மிச்சத் தேத்தண்ணி, ஆறவெச்சுத்தான்" என்றார் முனைச் சாப்பாட்டுக்கடை நானா. "நாமதான் பாக்கணும், ஜாகா இல்லையேன்னு..."

குறிப்பேட்டைப் புரட்டினேன். இரண்டு வியாழக்கிழமைகளுக்கு நேராக என் கையெழுத்திலேயே இருந்தது: "மழை இல்லை. செடிக்கு ஒரு குவளை."

அழுகாத இலை நுனிகளை வெட்டி, காய்ந்த மணலில் நட்டுவைத்தேன். பெரிய செடி நின்ற இடத்தில் நான்கு துண்டுகள்.

ஜாகா அண்ணே கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்கினார். கூடவே அவர் மனைவியும். அந்த அம்மாள் தொட்டியைப் பார்த்தார், பிறகு எங்களை. கமலா அக்காவின் கண் நிறைந்துவிட்டது. நான் குறிப்பேட்டைத் திறந்தேன்.

"நாந்தான்," என்றார் ஜாகா அண்ணே, கண்ணாடியைக் கழற்றாமலே. "போறப்ப காஞ்சுடுமோன்னு பயந்து ஒரு வாளி ஊத்திட்டேன்."

"தெரியுமே!" என்றார் மனைவி. "கோழிக் கூண்டுப் பக்கம் வந்து பாருங்க, இருக்கு ஒங்களுக்கு!"

ஆறு வருஷத்து வெற்றி ஒரே நிமிஷத்தில் போயிற்று. ஜாகா அண்ணே எங்களைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். அன்று வீட்டுக்குப் போய், மூவர் பெயரும் தேதியும் இருந்த பக்கங்களைக் கிழித்தேன். வாழ்நாளில் நான் கிழித்த குறிப்புகள் அவைதான்.

சில மாதங்கள் கழித்து மணலிலிருந்து குருத்துகள் வந்தன. முழுப் பச்சை, மஞ்சள் கரையே இல்லை. இலையை வெட்டி நட்டால் கரை வராது என்று பிறகுதான் படித்தேன். ஜாகா அண்ணேயிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

புதுக் கண்ணால் கிட்டக் குனிந்து பார்த்தார். "பரவால்ல லா தம்பி. கரை இல்லாட்டியும் நிமுந்து நிக்குதுல்ல?"

போன வருடம் அவர் ஓய்வு பெற்றார். தானே திறந்து மூடும் கேட் வந்தது. போகும்போது தொட்டியை என் கையில் கொடுத்து, பழைய கட்டளையையே சொன்னார்.

செடி இப்போது என் ஜன்னலில், கேட்டைப் பார்த்தபடி நிற்கிறது. அமாவாசைக்கு அரைக் குவளை. மற்ற நாட்களில் "ஒன்றும் செய்யவில்லை" என்று எழுதுகிறேன். எழுதி முடித்ததும், கேட்டருகே யாரும் அப்புறப்படுத்தாத அந்த நாற்காலியை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொள்கிறேன்.