கோஸ் வாங்கிய தொண்ணூற்றொன்று

நுழைவுத் தேர்வுக்கு இன்னும் ஒன்பதே நாள். தென்கொரியாவின் சோல் நகரத்து அம்மாக்கள் கடற்பாசி சூப்பை நிறுத்திவிட்டார்கள். குடித்தால் பிள்ளை தேர்வில் வழுக்கி விழுமாம். டியூஷனுக்கே பேர்போன தேச்சி வட்டாரத்தில் வகுப்புகள்கூடக் காற்று வாங்கின. கூட்டமெல்லாம் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில், ஆசான் மா என்பவரின் வாசலில்!

மூளைச் செல்லின் வாசலில் ஏற்பி என்று ஒன்று உண்டு. சரியான ரசாயனம் வந்து தொட்டால்தான் உள்ளே சேதி போகும். இது அறிவியல். அந்த வாசலைத் தன் தலைப்பட்டை திறந்துவிடும் என்பது ஆசானின் அறிவியல். பிள்ளை பட்டையை மாட்டி உட்காரவேண்டும்; ஆசான் திரைக்குப் பின்னால் கருவியைப் பார்ப்பார். நேரில் பார்த்தால் ஏற்பி கூச்சப்படுமாம்.

வரிசையில் சோன்ஹீயும் மகளோடு நின்றாள். மகள் தாஹேவுக்கு வலிப்பு நோய். மாத்திரையால் மூன்று வருடமாக அது எட்டிப் பார்க்கவில்லை. "மாத்திரை ஏற்பியைப் பூட்டுது, தாஹே அம்மா. தேர்வு வரைக்கும் நிறுத்துங்க" என்று போன வாரம் ஆசான் சொன்னார். ஒரு வாரம் தயங்கினாள். இன்று காலை மாத்திரை அவள் கோட்டுப் பையிலேயே தங்கிவிட்டது.

அவளுடைய அக்கா இன்சுக், பன்னிரண்டு வருடமாக ஒரே ஓர் ஏற்பியை ஆராய்கிறவள். தங்கை வீட்டுக்குக் கிம்ச்சி என்கிற கோஸ் ஊறுகாய் போட வந்தவள், விஷயம் தெரிந்ததும், உப்பில் ஊறிய கோஸ் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டாள்.

"மாத்திரையை நிறுத்தினா உசுருக்கே ஆபத்துடி!"

"நீ எதைக் கேட்டாலும் 'இன்னும் சரியாத் தெரியல'ம்பே. அவரு எல்லாத்தையும் உறுதியாச் சொல்றாரு."

"படிச்சுப் பார்க்காதவனுக்குச் சந்தேகம் எப்படிடி வரும்?"

தாஹேயின் முறை வந்தது. இன்சுக் நாற்காலியில் கோஸை வைத்தாள். தலைப்பட்டையை அதற்கு மாட்டினாள். உதட்டில் விரல் வைத்தாள். வரிசை வாயைப் பொத்திக்கொண்டது. வேடிக்கை என்றால் பக்தி கொஞ்சம் ஒதுங்கி நிற்கும்.

கருவி கீச்சிட்டது. உப்புத் தண்ணீர் என்றால் மின்சாரத்துக்குக் கொண்டாட்டம்தானே!

"அபாரம்! தொண்ணூத்தோரு விழுக்காடு திறந்திருக்கு!" என்றது திரை. "மாத்திரையை நிறுத்தினது வேலை செய்யுது பாருங்க. கணக்குன்னா மட்டும் கொஞ்சம் பயம். மருத்துவக் கல்லூரி நிச்சயம்!"

"கொஞ்சம் வாடினாப்புல இருக்கே, ஆசானே?" என்றாள் இன்சுக்.

"அது படிப்புச் சோர்வு."

இன்சுக் திரையை இழுத்தாள். ஆசான் கோஸைப் பார்த்தார். கோஸ் கூச்சப்படவில்லை. ஆசான்தான் கதவைத் தேடினார்.

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. சோன்ஹீ சிரிக்கவில்லை. பையிலிருந்து மாத்திரையை எடுத்து மகளிடம் நீட்டினாள். தாஹே தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கினாள்.

"அம்மா, கணக்குன்னா பயம் அந்தக் கோசுக்குத்தான். எனக்கு இங்கிலீஷ்."

படியிறங்கும்போது ஒரு தாய் ஓடிவந்து இன்சுக்கின் கையைப் பிடித்தாள். "டாக்டரம்மா, தொண்ணூத்தொண்ணு வாங்குச்சே, அந்தக் கோஸ்... எந்தக் கடையில கிடைக்கும்?"

ஏற்பிகள் எல்லார் மூளையிலும் இருக்கின்றன, அம்மாமார்களே. கோஸைப்போலச் சும்மா ஊறவிடாமல், அவற்றுக்குக் கொஞ்சம் வேலையும் கொடுங்கள்!