படத்தில் வருவது பிரீனாவின் பின்னல் மட்டுமே

கர்த்தருக்குள் மதிப்புக்குரிய ஏசுஅடிமை அண்ணாச்சி அவர்கள் சமூகத்துக்கு, ஜெபதாஸ் தோத்திரம் சொல்லி எழுதுவது. நானும் மனைவி ஞானபாயும், தங்கள் மருமகளாக வரப்போகிற எங்கள் மகள் பிரீனாவும் தேவகிருபையால் சுகம். தங்கள் முழங்கால் வலிக்கும், குவைத்தில் இருக்கும் மாப்பிள்ளை தம்பி சிஜினுக்கும் நாள்தோறும் ஜெபிக்கிறோம்.

கடந்த மாதம் மூன்றாம் தேதி மாலை ஆறு மணிக்கு எங்கள் குடும்பம் முன்னறையில் கூடி, நெடுநேரம் ஆலோசித்து, நம்மூரில் படம் எடுக்க வந்திருக்கும் சினிமாக் கம்பெனிக்கு நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள் கொடுப்பது என்று முடிவெடுத்தது. நான் ஆதரித்தேன். ஞானபாய் எதிர்த்தாள். பிரீனா தலை வாரிக்கொண்டிருந்ததால் கருத்துச் சொல்லவில்லை. நாற்காலியைத் தொடர்ந்து முன்னறை போயிற்று. முன்னறையைத் தொடர்ந்து பலாமரத்தடி. அதைத் தொடர்ந்து பிரீனா.

எங்கள் பலாமரத்தடியில் பிரீனா ஓர் இளைஞனைப் பார்த்து, ‘நீ இல்லாம என்னால வாழ முடியாது’ என்று சொன்னதாகத் தங்கள் மைத்துனி ஸ்மைலின் வந்து சொன்னாராம். அதனால் வரும் பதினாறாம் தேதி நிச்சயத்தைத் தள்ளிவைக்கலாமா என்று தாங்கள் யோசிப்பதாகவும் கேள்விப்பட்டு அதிர்ந்துபோனேன். ஸ்மைலின் சொன்னதில் பிழை இருக்கிறது. பிரீனா அதைப் பதினான்கு தடவை சொன்னாள். ஆனால் ஒரு தடவைகூடத் தனக்காகச் சொல்லவில்லை.

இந்தப் படம் எடுக்கப்பட்ட முறையைச் சொன்னால் தங்களுக்கு விளங்கும். எனக்கு அதைக் கண்ட அதிர்ச்சியே இன்னும் தீரவில்லை. கதையில் ஐந்து காதல் ஜோடிகள். ஒரே கல்யாண வீட்டுக்கு வந்து, சண்டை போட்டு, கடைசியில் சேருகிறார்கள். நடிப்பவர்கள் பத்துப் பேர். அந்தப் பத்துப் பேரில் எந்த இரண்டு பேரும் ஒரே நாளில் நம்மூரில் இருந்தது கிடையாது. காதலன் திங்கட்கிழமை வந்து காதலைச் சொல்லிவிட்டு விமானம் ஏறிவிடுவார். காதலி வியாழக்கிழமை வந்து அதற்கு வெட்கப்படுவார். இதற்காக ‘சஜஷன்’ என்று ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேறு யாராவது நிற்க வேண்டும். நடிகர் அந்த முகத்தைப் பார்த்து உருகுவார். பார்க்கிற ஜனம் அந்தப் பின்தலையைக் கதாநாயகி என்று நம்பிவிடும். ஐந்து கதாநாயகிகளுக்கும் பின்தலை நம் பிரீனா. ஐந்து கதாநாயகர்களுக்கும் பின்தலை டெல்வின் என்கிற உதவி இயக்குநர், கருங்கல்காரன். நடிகர்கள் வருமுன் விளக்குச் சரிபார்ப்பதற்காக இவர்கள் இருவரும் எதிரெதிரே நின்று ஐந்து ஜோடியின் வசனத்தையும் பேசிப் பார்க்க வேண்டும். ஆக, இந்தப் படத்தில் நேருக்கு நேர் நின்று காதல் செய்தவர்கள் இவர்கள் இரண்டு பேர்தான். ஆனால் இவர்கள் முகம் படத்தில் வராது. எனவே கவலைக்கு இடமில்லை. தம்பி சிஜினும் வீடியோ காலில் நெற்றியை மட்டும்தான் காட்டுகிறார். நாங்கள் அதைக் குறையாகச் சொன்னோமா?

நான் காவலுக்கு அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். ஒருநாள் டெல்வின், ‘இது நாலாவது ஜோடி. ஏட்டி, கோவமாப் பாரு’ என்றான். இவள், ‘உன்னப் பாத்தா எனக்குக் கோவம் வரமாட்டேங்கு’ என்றாள். உடனே வசனத் தாளைப் புரட்டினேன். அப்படி ஒரு வரி ஐந்து ஜோடியிலும் இல்லை. தவறைச் சுட்டிக்காட்டினேன். ‘ரொம்ப நன்றி மாமா, சேத்துக்கிடுகோம்’ என்றான். ஞானபாய் என்னை அடுக்களைக்குக் கூப்பிட்டு, ‘இஞ்சேருங்க, கம்பெனிக்காரன் எல்லாவனும் உங்கள சார்னு விளிக்கான். இவன் மட்டும் எதுக்கு மாமான்னு விளிக்கான்?’ என்றாள். ‘அது நல்ல வளர்ப்புட்டி’ என்றேன்.

அடுத்தது ஆலயத்துக் காட்சி. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு மணமக்கள் பெயர் சொல்லி ஓலை வாசித்து, ஆட்சேபம் உள்ளவர்கள் உண்டா என்று சபையாரைக் கேட்கிற நம் வழக்கம் இயக்குநருக்கு மிகவும் பிடித்துவிட்டது. இருபது வருஷமாக ஓலை வாசிக்கிற சபைச் செயலர் என்பதால் என்னையே வாசிக்கச் சொன்னார். வேறு நாளில் ஆலயம் திறக்க முடியாது என்று போதகர் சொல்லிவிட்டதால், ஆராதனையில் அறிக்கை வாசிக்கும் நேரத்திலேயே எடுத்தார்கள். முதல் ஞாயிறு காக்கை கரைந்து கெடுத்தது. இரண்டாம் ஞாயிறு மீன்காரன் ஹாரன். மூன்றாம் ஞாயிறு கூட்டம் நிரப்ப டெல்வின் அழைத்ததன்பேரில் தாங்களே வந்து இரண்டாம் வரிசையில் இருந்தீர்கள். ஓலையில் டெல்வின், பிரீனா என்று பெயர்கள் இருந்ததைக் கேட்டு நாம் இருவருமே சிரித்தோம். ‘பாத்திரங்களுக்கு இன்னும் பேரு வைக்கல்ல மாமா, டப்பிங்கில மாத்திக்கிடலாம்’ என்று டெல்வின் சொல்லியிருந்தான். தொடர்ச்சி கெடக்கூடாது என்று மூன்று ஞாயிறும் எனக்கு ஒரே சட்டை. சட்டையை அலசக்கூட விடவில்லை. சபையின் ஓலைப் பதிவேட்டிலும் மூன்று தடவை ஒரே பேனாவால் ஒரே மாதிரிக் கையெழுத்து.

இதுதான் நடந்தது அண்ணாச்சி. ஆகையால் மைத்துனியின் பேச்சைத் தள்ளிவிட்டு, பதினாறாம் தேதி காலை குடும்பத்தோடு வந்து நிச்சயத்தை நடத்தித் தர வேண்டும். பந்தலுக்கும் தோவாளைப் பூவுக்கும் சொல்லியாயிற்று. தங்கள் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பாராக. அங்குள்ள சிறியவர் பெரியவர் யாவருக்கும் எங்கள் அன்பு.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தியாகும் நாளை எதிர்நோக்கும்
ஜெபதாஸ்

பி.கு.: உறையை ஒட்டுமுன் போதகர் வந்தார். டெல்வினும் பிரீனாவும் முதல் ஞாயிற்றுக்கு நான்கு நாள் முன்பே அவரிடம் முறைப்படி மனுக் கொடுத்திருக்கிறார்கள். எனக்குத் தெரியும் என்று அவர் நினைத்திருக்கிறார், நான்தானே வாசித்தேன். டெல்வினின் கருங்கல் சபையிலும் மூன்று ஞாயிறு வாசித்து, ஆட்சேபம் இல்லையென்று கடிதம் வந்துவிட்டது. அங்கே கேமரா கிடையாது. ‘ஏட்டி, என்னட்டி செய்து வச்சிருக்க?’ என்று பிரீனாவைக் கேட்டேன். ‘எல்லாரும் பின்னலப் பாத்தாங்க அப்பா. மூஞ்சியப் பாத்துப் பேசினது அவன் ஒருத்தன்தான்’ என்றாள். ஞானபாய் அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை. இனித் தடுக்க வழியுண்டா என்று போதகரைக் கேட்டேன். ஆட்சேபம் தெரிவிக்கும் கெடு மூன்றாம் ஞாயிற்றோடு முடிந்துவிட்டது என்றார். அன்று, ‘ஆட்சேபம் உண்டா?’ என்று நான் கேட்டதும் தாங்கள் இரண்டாம் வரிசையில் எழும்பி நின்று கைதட்டினீர்கள். இயக்குநர் அந்த டேக்கை எடுத்துக்கொண்டார்.