யமுனாவின் குறைகளை இங்கே போடவும்

"ஒண்ணே ஒண்ணு போதுங்க்கா. சின்னக் குறையா இருந்தாக்கூடப் பரவால்ல."

"குறையா? உங்கிட்டயா?" கண்ணாயி டீ ஆற்றுவதை நிறுத்தவில்லை. "தங்கமான புள்ள. போ கண்ணு, போயி வேற வேலையப் பாரு."

யமுனா நகத்தைக் கடித்தாள். பத்து விரல்களில் ஏழு ஏற்கெனவே முடிந்திருந்தன.

மணி பத்தரை. சாயங்காலம் ஐந்து மணிக்குள் காலேஜ் இணையதளத்தில் அவள் ஒரு பக்கம் எழுதி ஏற்றியாக வேண்டும். 'என் இலக்கு, என் பலம், என் பலவீனம்.' கோயம்புத்தூரில் டிசைன் படிப்பு, இரண்டாம் வருடம். அடுத்த வருடம் பொருள் வடிவமைப்புப் பிரிவில் பத்தே இடம். கேட்பவர்கள் முப்பத்திரண்டு பேர். யாருக்கு இடம் என்று சுமித்ரா மேடம் இந்த ஒரு பக்கத்தை வைத்துத்தான் முடிவு செய்வார். கிடைக்காவிட்டால் துணி அச்சுப் பிரிவு. யமுனாவுக்குப் பூப்போட்ட துணியைப் பார்த்தாலே தலை வலிக்கும்.

இலக்கு எழுதப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒற்றை மூங்கில் ஏணியில் நின்று மிளகு பறிக்கிறவர்களுக்கு, இரண்டு கையையும் விட்டுவைக்கிற மாதிரி ஒரு பை செய்ய வேண்டும். அப்பா சென்றாயன் ஒரு கையில் ஏணி, ஒரு கையில் கொடி, வாயில் பை என்று தொங்குவதைப் பார்த்தே வளர்ந்தவள் அவள். பலமும் எப்படியோ வந்துவிட்டது. பலவீனத்தில்தான் வண்டி நின்றது.

முதலில் 'அளவுக்கு மீறி உழைப்பேன்' என்று எழுதி அனுப்பினாள். மேடம் திருப்பி அனுப்பிவிட்டார். 'இதே பலவீனம் இந்த வருஷம் பதினாலு பேருக்கு இருக்கிறது. உன்னைத் தெரிந்தவர்களிடம் கேட்டு எழுது. வீட்டார் அல்லாத ஒருவருடைய போன் நம்பரும் கொடு, நானே கூப்பிட்டுக் கேட்கிறேன். அவரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கக் கூடாது.'

லீவுக்கு ஊருக்கு வந்திருந்தாள். மலைமேல் அரியூர் நாடு என்கிற அந்த ஊரில் அவள் வீட்டில் சிக்னல் எட்டிக்கூடப் பார்க்காது. செம்மேடு பஸ் ஸ்டாண்டில் டீக்கடை வைத்திருக்கும் கண்ணாயிதான் முதல் மணியிலேயே போனை எடுக்கிறவள். யமுனா அவள் நம்பரைக் கொடுத்துவிட்டு, பலவீனம் தேட அவள் கடைக்கே வந்து உட்கார்ந்திருந்தாள்.

கண்ணாயி கிளாஸை வைத்துவிட்டுக் கிட்டே குனிந்தாள். "மாப்பிள ஊடு எந்தப் பக்கம்? ராசிபுரமா, துறையூரா?"

"மாப்பிள்ளையா? ஐயோ, இது காலேஜுக்குங்க்கா!"

"காலேஜுல மார்க்குதான் கேப்பாங்க. பொண்ணுக்கு என்ன குறைன்னு யாரு கேப்பாங்கன்னு எனக்குத் தெரியாதாக்கும்? அவங்க வந்து கேட்டா நாங்க என்ன சொல்லுவோம்னு ஒத்திகை பாக்கற. பாரு, பாரு. இந்த வாயிலிருந்து ஒரு சொல்லு வராது."

வராதுதான். பெண்ணை விசாரிக்க வருகிறவர்கள் முதலில் இறங்குவது பஸ் ஸ்டாண்டில். இறங்கியதும் டீ குடிப்பார்கள். குடித்ததும், "இந்த ஊட்டுப் பொண்ணு எப்படிங்க?" என்பார்கள். அதனால் அந்தக் கடையில் ஒரு சட்டம் உண்டு: எந்த வீட்டுப் பெண்ணானாலும் சரி, குறை என்று ஒன்று வெளியே போகக் கூடாது. பதினெட்டுக் கல்யாணம் அந்தச் சட்டத்தில்தான் நடந்திருக்கிறது.

பதினொரு மணி பஸ் வந்தது. கண்டக்டர் அர்த்தனாரி இறங்கினார். ஆறாம் வகுப்பிலிருந்து அவர் பஸ்ஸில் போனவள். யமுனா ஓடினாள்.

"அண்ணே, எங்கிட்ட என்ன குறை? மறைக்காமச் சொல்லுங்க."

"குறைதானே? ஏன் இல்லாம? ஒருக்கா நீ பஸ்ஸுல பெல் கயித்த அவுத்து, சின்னப் புள்ளைங்களுக்கு எட்டட்டும்னு கீழ கட்டிட்டு..."

யமுனா பேனாவைத் திறந்தாள். அர்த்தனாரியின் பார்வை அவள் தலைக்கு மேலே போனது. கடைக்குள்ளிருந்து கண்ணாயி டீ வடிகட்டியை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"...கட்டிட்டு, அமைதியா உக்காந்துக்கும். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்ல."

"அண்ணே!"

"நல்ல இடமா அமையட்டும் கண்ணு," என்று சொல்லிவிட்டு அவர் விசிலை ஊதினார்.

மணி பன்னிரண்டு. எட்டாவது நகமும் போனது. முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சப்படுகிறார்கள் என்று யமுனாவுக்குத் தோன்றியது. கூச்சம் என்பது வடிவமைப்புப் பிரச்சினை. அதைத் தீர்க்கத்தானே படிக்கிறாள்? கண்ணாயியிடம் காலி பிஸ்கட் டின் ஒன்றை வாங்கி, மூடியில் துளை போட்டு, பக்கத்தில் சீட்டும் பென்சிலும் கட்டித் தொங்கவிட்டாள். மேலே அழகான எழுத்தில் எழுதினாள்: 'யமுனாவின் குறைகளை இங்கே போடவும். பெயர் வேண்டாம்.'

அன்றைக்குப் பார்த்து செம்மேட்டில் சந்தை. இரண்டு மணிக்கு டின் நிரம்பிவிட்டது. யமுனா மூடியைத் திறந்தாள்.

'நல்ல பொண்ணு.'

'மிகவும் நல்ல பொண்ணு.'

'சமையல் வராதுன்னு சொல்றவங்க சொல்லட்டும். பழகிக்கும்.'

நான்காவது சீட்டு நாலாக மடித்திருந்தது. 'பையன் பெயர் நவநீதகிருஷ்ணன். மிளகு இரண்டு ஏக்கர், பைக் உண்டு. குறை எதுவாக இருந்தாலும் எங்களுக்குச் சம்மதம்.' அதற்கடியில் மூன்று ஜாதகம். ஒன்றில் மஞ்சள்கூடத் தடவியிருந்தார்கள். சந்தையில் மஞ்சளுக்கா பஞ்சம்?

"பாத்தியா, பொட்டி நல்லா வேலை செய்யுது," என்றாள் கண்ணாயி.

மூன்று மணி பஸ்ஸில் அப்பா இறங்கினார். வெள்ளைச் சட்டை, தலையில் எண்ணெய், கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். பின்னாலேயே அர்த்தனாரி, சேதி சொல்லிக் கூட்டி வந்த பெருமையோடு.

"யாரு வாராங்க?" என்று மூச்சு வாங்கினார் சென்றாயன். "எத்தன பேரு? கெழங்கு பிடுங்கறத அப்படியே போட்டுட்டு வாரேன். உங்கம்மா பந்தலுக்கு ஆள் பாக்கறா!"

யமுனாவுக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பாவைக் கடைக்கு வெளியே வேப்பமரத்தடிக்கு இழுத்துப் போனாள். இலக்கு, பலம், பத்து இடம், ஐந்து மணி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். அந்த நேரத்தில் கண்ணாயியின் போன் அடித்ததையும், அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பாய்லருக்குப் பின்னால் போனதையும் யாரும் கவனிக்கவில்லை.

சென்றாயன் வாழைப்பழச் சீப்பை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"அப்ப யாரும் வரலையா?"

"வரல."

"உனக்கு வேண்டியது குறை?"

"ஆமாம்ப்பா."

"அதுக்கு இத்தன பேரக் கேட்டயே, என்னைய ஒரு வார்த்த கேட்டியா?" அவர் வாழைப்பழத்தைக் கீழே வைத்தார். "எழுதிக்கோ. எதையும் முடிக்க மாட்ட. கோழிக்கூடு கட்டறேன்னு ஆரம்பிச்ச. பாதியில, இன்னும் நல்லாப் பண்ணலாம்னு பிரிச்ச. மறுபடி கட்டின, மறுபடி பிரிச்ச. மூணு வருசமா நம்ம கோழி பலாமரத்துலதான் தூங்குது. கதவு தாழ்ப்பாள மாத்தறேன்னு கழட்டின, இன்னைக்கும் உங்கம்மா கதவுக்கு உரல அண்டக் குடுக்கறா. அப்பறம்..."

"மெதுவாப்பா, மெதுவா!" யமுனா எழுதிக்கொண்டே இருந்தாள். நாலு வருஷத்துக்கு முன்னால் அவர் ஏணிக்கு அவள் அரைகுறையாக வைத்த ஆறாவது படி வரைக்கும் அவர் விடவில்லை. அந்தப் படியில்தான் அவர் விழுந்தாராம். இதுவரை சொன்னதே இல்லை.

நாலு ஐம்பத்திரண்டுக்கு அவள் பொத்தானை அழுத்தினாள். வட்டம் சுற்றியது. சுற்றியது. பஸ் ஒன்று கிளம்பிப் போனது. சுற்றியது. பிறகு பச்சை எழுத்தில் வந்தது: 'பெற்றுக்கொள்ளப்பட்டது.'

யமுனா அப்பாவைக் கட்டிக்கொண்டாள். இப்படி ஒரு பலவீனம் அந்த முப்பத்திரண்டு பேரில் வேறு யாருக்கும் இருக்காது. மீதி இரண்டு நகமும் பிழைத்தன.

கண்ணாயி மூன்று டீயோடு வந்தாள். முகம் கோபத்தில் இருந்தது.

"ஏனுங்க, பெத்த புள்ளையப் பத்தி நடுச்சந்தையில இப்படியா பேசுவாங்க? நல்லவேளை, நாந்தான் போனை எடுத்தேன்."

"எந்தப் போனுங்க்கா?" என்றாள் யமுனா. டீ பாதி வழியில் நின்றது.

"அதான், மாமியாக்காரி, பேருகூட சுமித்ராவாம், என்ன தன்மையான பேச்சு! புள்ளைக்கு என்ன குறைன்னு கேட்டாங்க, 'ஒண்ணுமே இல்லீங்க, படிப்பு மேலயெல்லாம் எங்க யமுனாவுக்கு ஆசையே கெடையாது, நீங்க ஒரு வார்த்த சொன்னா நாளைக்கே காலேஜ விட்டுட்டு ஊட்டோட வந்துரும்'னு அடிச்சுச் சொல்லிட்டேன், நல்லாத்தானே பேசியிருக்கேன், நீ என்ன சொல்ற கண்ணு?"