ஜப்பான் அக்காவும் பக்கத்து நாற்காலி சாரும்

மலேசியாவில் எங்கள் ஈப்போ டயாலிசிஸ் மையத்துக்குச் சிரித்த முகத்தோடு வந்த ஒரே ஆள் ஜப்பான் அக்காதான். நாங்களெல்லாம் ஊசியை நினைத்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருவோம். அவர் பை நிறைய ஜப்பானியக் காமிக்ஸோடு கல்யாண வீட்டுக்கு வருகிறவர்போல நுழைவார். எல்லாம் மலாயில் மொழிபெயர்த்தவை. அவருடைய சொந்தப் பெயர் தாதிகளுக்கு மட்டும்தான் தெரியும்.

சுங்காய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். ஐம்பதைத் தாண்டிய வயதிலும் காதல் கதைதான் படிப்பார். அதிலும் ஒரே வகை. பெண் வாயாடி என்றால் பையன் வாயே திறக்கமாட்டான். இயந்திரம் ஓடத் தொடங்கியதும் அறை முழுக்கக் கேட்கும்படி கதையைத் தமிழில் சொல்வார். ஒரு கை ஊசியோடு அசையாமல் கிடக்கும். மற்றக் கை நடிக்கும்.

பக்கத்து நாற்காலியில் சார். யாழ்ப்பாணக் குடும்பம். அரசாங்கப் பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். இஸ்திரி கலையாத சட்டை. முதல் வாரமே, "மிஸ்ஸி, எனக்கு வேற இடம் தாங்கோ" என்று தாதியிடம் கேட்டார். வேறு இடம் இல்லை. பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

"சார், ரொம்ப நேரமா ஒரே பக்கத்துலயே இருக்கீங்க. கதைதானே கேக்கிறீங்க?" என்றார் அக்கா.

சார் அவசரமாகப் பக்கத்தைத் திருப்பினார்.

ஒருநாள் நான் கேட்டேன்: "ஏங்கா, ரெண்டு பேரும் சேரப்போறாங்கன்னு முதல் பக்கத்துலயே தெரியுதே. அப்புறம் என்ன இருக்கு?"

அக்கா புத்தகத்தை மடியில் வைத்தார்.

"நானும் என் வீட்டுக்காரரும் ஒரே மாதிரி, தம்பி. கோவம் வந்தா ரெண்டு பேருக்கும் நிறுத்தத் தெரியாது. கடைசில அவரு விட்டுட்டுப் போயிட்டாரு. இதுல பாரு, இவ கத்துறா. அவன் பேசாம தண்ணி ஊத்திக் கொடுக்கிறான். அந்த ஒரு பக்கத்துக்காகத்தான் வாங்குறேன் லா."

சார் பேப்பரை மடித்து வைத்தார்.

அதற்குச் சில வாரம் கழித்து, கதை நடுவே அக்காவின் தலை சாய்ந்தது. இரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. நாங்கள் கவனிக்குமுன்பே, "மிஸ்ஸி! ஓடி வாங்கோ!" என்று ஓர் அலறல். கையில் ஊசியோடு எழுந்து நிற்கப் பார்த்த சாரை இன்னொரு தாதி அமுக்கிப் பிடிக்கவேண்டியதாயிற்று.

கண் விழித்த அக்கா, "யாரு லா கத்துனது?" என்றார்.

"நான்தான்."

"உங்களுக்குச் சத்தம் எல்லாம் வருமா சார்?"

சர்க்கரை நோயால் அக்காவின் பார்வை மங்கியபோது, சாரே புத்தகத்தை வாங்கி வாசித்தார். காதல் வசனத்தையும் அரசாங்கச் சுற்றறிக்கைபோலத்தான் வாசிப்பார். "அவன் அவகிட்ட மனச சொல்றான் சார், வரி கட்டச் சொல்லல" என்று அக்கா சிரித்தார்.

தனியாக இருக்க முடியாமல் போனதும், அக்காவை மகள் தெலுக் இந்தானுக்கு அழைத்துக்கொண்டார். கடைசி நாளில் சார் கேட்டார்: "அங்கை உங்களுக்கு ஆர் வாசிச்சுக் காட்டுவினம்?"

"யாரு இருக்கா சார்? பேத்திக்குப் போன் பாக்கவே நேரம் பத்தல."

மறுவாரமே சார் தெலுக் இந்தான் டயாலிசிஸ் மையத்துக்கு மாற்றல் கேட்டார். அவருடைய மகன் பதறிப்போய் ஓடி வந்தார்.

"என்னப்பா இது? அங்க உங்களுக்கு யாரத் தெரியும்?"

"ஒரு ஆளைத் தெரியும்" என்றார் சார்.

அங்கே ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போயும்விட்டார்.

இப்போது எங்கள் அறையில் எல்லாரும் நன்றாகத் தூங்குகிறார்கள். எனக்குத்தான் தூங்கப் பிடிக்கவில்லை.